மேல் பீட்டின் மாகாளிக் கொடி

1. அவள் வேலைக்குச் சேர்ந்த நாள்

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தங்கள் முதல் நாளில் ஆரம்பிப்பார்கள். என் முதல் நாளில் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. காக்கித் துணி கொடுத்தார்கள், தைத்துப் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். அதனால் கலைச்செல்வியின் முதல் நாளில் ஆரம்பிக்கிறேன். என் வயிற்றெரிச்சலுக்கும் அன்றைக்குத்தான் முதல் நாள்.

நான் வனத்துறையில் கார்டு, அதாவது வனக்காப்பாளர். வீடு ஆரணியில். அப்பா, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர்கள். நான் ஒருவன்தான் மலைக்குப் போனேன். சந்தவாசலைத் தாண்டிப் போனால் ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் கேம்ப் ஷெட் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள சரிவு முழுவதும் மூலிகைப் பாதுகாப்புப் பகுதி. ஆடு மாடு விடக் கூடாது, கத்தி கடப்பாரை கொண்டுபோகக் கூடாது, ஓர் இலையைக் கூடப் பறிக்கக் கூடாது என்று பச்சை போர்டு நிற்கும்.

உள்ளே அரிதான செடிகள் பல உண்டு. எனக்கு முக்கியம் மாகாளிக் கொடி. பாறை இடுக்கில் வேர்விட்டுப் படர்கிற கொடி அது. கிழங்கை மோரில் ஊறப்போட்டு ஊறுகாய் செய்வார்களே, அதேதான். அந்த வாசனை சிலருக்கு மணம், சிலருக்கு மூட்டைப்பூச்சி நாற்றம். கிழங்குக்காகத் தோண்டித் தோண்டியே பல மலைகளில் கொடி இல்லாமல் போய்விட்டது. எங்கள் மேல் பீட்டில், அதாவது மேல் ரோந்துப் பகுதியில், யானை முதுகு என்று நாங்கள் சொல்லும் பாறைக்குக் கீழே, நன்றாக முற்றிய கொடிகள் இருந்தன. அவற்றை முதலில் பார்த்து ஆபீஸுக்குச் சொன்னவன் நான். பச்சை போர்டு வந்ததே அதற்குப் பிறகுதான். அதனால் அதை என் கொடி என்றுதான் சொல்வேன். துறையின் கொடி என்று யாராவது திருத்தினால் எனக்குக் கோபம் வரும்.

ஒரு நாள் காலையில் ரேஞ்சர் ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னாலேயே புது யூனிஃபார்மில் ஒரு பெண்.

"மூர்த்தி, இவங்க கலைச்செல்வி. தேவிகாபுரம். பிஎஸ்ஸி பாட்டனி படிச்சவங்க. இனிமே கீழ் பீட் இவங்க பார்த்துக்குவாங்க. நீ மேல் பீட்ட பாரு. எல்லாத்தையும் சுத்திக் காட்டு."

சுற்றிக் காட்டினேன். யானை முதுகுக்கும் அழைத்துப்போனேன். பெருமையாகத்தான் காட்டினேன், பொய் சொல்லவில்லை. அவள் கொடியைத் தொடாமல் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், இதுல விதை எடுத்திருக்கீங்களா?"

"எங்க எடுக்கிறதும்மா? காய் எப்ப வெடிக்கும்னு யாருக்குத் தெரியும்? வெடிச்சா காத்துல பறந்துடுது."

"சரிங்க சார்" என்றாள். அந்தச் சரிங்க சாரில் ஏதோ இருந்தது. அன்றைக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

2. துணிப் பை

மாகாளிக் காய் கொம்பு மாதிரி இரண்டிரண்டாகத் தொங்கும். காய்ந்து வெடித்தால் ஒவ்வொரு விதையும் தலையில் வெள்ளைப் பஞ்சோடு கிளம்பிவிடும். தொட்டால் பட்டு தோற்றுப்போகும், அத்தனை வழுவழுப்பு.

கலைச்செல்வி வீட்டிலிருந்து மெல்லிய வாயல் துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்துக்கொண்டு வந்தாள். என்னிடம் கேட்டுக்கொண்டுதான் என் பீட்டுக்கு வந்தாள். காய் முற்றும் சமயத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பையை மாட்டிக் கழுத்தில் நூலால் கட்டினாள். காய் பைக்குள்ளேயே வெடித்தது. விதை முழுசாகக் கிடைத்தது. நர்சரியில் மணலும் மக்கிய இலையும் கலந்து பாலித்தீன் பைகளில் ஊன்றினாள். முளைத்தது.

இத்தனைக்கும் நான் நெசவுக்காரன் வீட்டுப் பிள்ளை. பறக்கிற பட்டுப் பஞ்சு மூக்கில் ஏறி ஏறித் தும்மி வளர்ந்தவன். ஒரு துண்டுத் துணியை எடுத்துக் காயின் மேல் கட்டலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு யாருக்காவது தோன்றியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இவளுக்குத் தோன்றியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு கேம்ப் ஷெட்டுக்குக் காலேஜ் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். வாசலில் நிற்பது நான். "கலைச்செல்வி மேடம் இருக்காங்களா?" என்று என்னிடமே கேட்பார்கள். பேப்பரில் படம் வந்தது. நாற்றைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் சிரிக்கிறாள், பின்னால் யானை முதுகு. என் பாறை.

ரேஞ்சர் சும்மா இருக்க மாட்டார். "யோவ் மூர்த்தி, இத்தனை வருஷம் அந்தப் பாறைக்குக் கீழ இன்னாதான் பண்ணிகினு இருந்த? அந்தப் பொண்ணுகிட்ட கொஞ்சம் கத்துக்கோயா" என்பார்.

வீட்டுக்கு வந்தால் சரோஜா, என் மனைவி, அதே பேப்பரை விரித்து வைத்திருப்பாள். "நம்ம பக்கத்துப் பொண்ணாமே. இன்னா தெளிவா பேசியிருக்கா பாருங்க. உங்களோடதான் வேலை செய்யுதா? ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கூட்டிகினு வாங்களேன்."

கூட்டிக்கொண்டு போகவில்லை. அவள் கொண்டுவரும் முறுக்கைக் கூட அவள் எதிரில் தொடமாட்டேன். ரவுண்ட்ஸ் போன பிறகு எடுத்துத் தின்பேன். முறுக்கு நன்றாக இருக்கும். அதற்கும் சேர்த்து எரிச்சல் வரும்.

3. வெள்ளிக்கிழமை வாசனை

எனக்கு வாராந்திர ஓய்வு வியாழக்கிழமை. ஒரு வெள்ளிக்கிழமை காலை மேல் பீட்டுக்குப் போனபோது யானை முதுகுக்குக் கீழே மண் சிதறிக் கிடந்தது. பெரிய கொடியைக் கடப்பாரை போட்டுத் தோண்டிக் கிழங்கை மொத்தமாக அள்ளியிருந்தார்கள். அறுபட்ட தண்டிலிருந்து பால் வடிந்து காய்ந்திருந்தது. நான் முதல் முதலில் பார்த்த கொடி அதுதான். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். செத்த வீட்டில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது.

அடுத்த வாரம் வேறொரு கொடி. அதுவும் வெள்ளிக்கிழமைதான் கண்ணில் பட்டது.

அந்த இடத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை வெளியாட்களுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ரேஞ்சர் போனில் குதித்தார். "இன்ஸ்பெக்‌ஷன் வரப்போகுது. மேல இருக்கிறவங்க வந்து பார்த்தா அங்க வெறும் குழிதான் இருக்கும். உன்ன மாத்திட்டு மேல் பீட்டையும் அந்தப் பொண்ணுகிட்டயே கொடுத்துடலாமான்னு பார்க்கிறேன்."

கொடி போவது ஒரு பக்கம். மிச்சமிருக்கிற கொடிகள் அவளுக்குப் போவது இன்னொரு பக்கம். எது அதிகமாக வலித்தது என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அப்போதுதான் அந்த வாசனையைக் கவனித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கேம்ப் ஷெட்டுக்குள் நுழைந்து, கையெழுத்துப் போட்டு, டீ குடிக்க உட்காருவோம். எதிரில் கலைச்செல்வி இருப்பாள். சின்ன அறை, ஒரே ஜன்னல். மாகாளி வாசனை மெதுவாக எழும்பும். மற்ற நாள்களில் வராது. வெள்ளிக்கிழமை மட்டும்தான் வரும்.

கணக்கு தானாகவே கூடிவிட்டது. வியாழக்கிழமை நான் இருப்பதில்லை, அவள் இருக்கிறாள். அன்றைக்குத்தான் கொடி போகிறது. மறுநாள் அவள் உட்காரும் அறையில் மாகாளி மணக்கிறது. நாற்று வளர்க்கிறேன் என்று நாலு பேர் பார்க்க நாற்று, யாரும் பார்க்காதபோது கிழங்கு. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கொடி போன துக்கத்திலும் நான் அன்றைக்கு விசிலடித்துக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

4. ரேஞ்சர் மூக்கு

ரேஞ்சருக்கு விஷயத்தைச் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"கலை, உன் பையக் கொஞ்சம் தொற" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். பையை மேஜை மேல் கவிழ்த்தாள். டிபன் பாக்ஸ், குடை, தண்ணீர் பாட்டில், தைத்து முடிக்காத துணிப் பைகள், ஒரு பொட்டலம் முறுக்கு. வேறு ஒன்றும் இல்லை.

ரேஞ்சர் மூக்கை உறிஞ்சினார். "ஆனா வாசனை வருதேம்மா."

"வருது சார். எல்லா வெள்ளிக்கிழமையும் வருது. நானும் ரொம்ப நாளா பார்த்துகினுதான் இருக்கேன்." டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "கோவிச்சுக்காதீங்க மூர்த்தி சார். அது உங்க சட்டையிலருந்து வருது."

ரேஞ்சர் எழுந்து வந்தார். என் காலரைப் பிடித்து முகர்ந்தார். பிறகு தோள்பட்டையை, பிறகு பாக்கெட்டை. ஒரு ரேஞ்சர் ஒரு கார்டைச் சுற்றிச் சுற்றி முகர்ந்து பார்ப்பதை எங்களுக்குக் கீழே வேலை செய்யும் வாட்சர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யோவ், ஊறுகா ஜாடியிலயா யூனிஃபார்ம ஊறவச்ச?"

எனக்கு அந்த நிமிஷம்தான் பொறி தட்டியது. சரோஜா வீட்டில் பட்டுச் சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிறவள். அக்கம்பக்கத்துத் தறியிலிருந்து இறங்கும் சேலைகள் குஞ்சத்துக்காக எங்கள் வீட்டுக்கு வரும். தறி முதலாளி ஆள் அனுப்பி எடுக்கும் வரை பீரோவில்தான் இருக்கும். பட்டில் பூச்சி விழாமல் இருக்க, காய்ந்த மாகாளித் துண்டுகளைத் துணியில் முடிந்து அடுக்குக்கு அடுக்கு வைப்பது எங்கள் தெருப் பெண்களின் பழக்கம். என் தோய்த்துத் தேய்த்த யூனிஃபார்மும் அதே பீரோவில், அதே தட்டில்தான் இருக்கும். ஓய்வு முடிந்து வெள்ளிக்கிழமைதான் புது மடிப்பு உடைத்துப் போடுவேன். சாயங்காலத்துக்குள் வேர்வையில் வாசனை போய்விடும். பிறந்ததிலிருந்து பழகிய வாசனை என்பதால் வீட்டில் என் மூக்குக்கு அது உறைப்பதே இல்லை.

"அப்போ என்னயே சந்தேகப்பட்டியா நீ?" என்று கலைச்செல்வியைக் கேட்டேன். பையைத் திறக்க வைத்தவன் நான். ஆனாலும் அடிபட்டவன் மாதிரி கேட்டேன்.

"முதல்ல பட்டேன் சார். அப்புறம் அந்தக் குழிப் பக்கத்துல நீங்க உட்கார்ந்துகினு இருந்ததப் பார்த்தேன். இவரு எடுத்திருக்க மாட்டாருன்னு தோணுச்சு. அதான் யார்கிட்டயும் சொல்லல."

இதற்கு அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

5. பீரோ

மூவரும் ஜீப்பில் ஆரணிக்குப் போனோம். சரோஜாவுக்கு ஒரே சந்தோஷம், பேப்பரில் பார்த்த பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள் என்று. காபி போட ஓடினாள். ரேஞ்சர் பீரோவைத் திறக்கச் சொன்னார். அரக்கும் பச்சையும் மாம்பழ மஞ்சளுமாகச் சேலைகள், நடுவில் என் காக்கி. துணி முடிச்சுகளை அவிழ்த்தால் மாகாளித் துண்டுகள். சில பழசு. சில இன்னும் ஈரம் காயாதவை.

"இது ஏதும்மா?"

"வாங்குறதுதாங்க சார். வியாழக்கிழமை ஆனா நன்னாரிக்காரரு தெருவுல வருவாரு. சர்பத்துக்கு நன்னாரி, பெட்டிக்கு மாகாளி. எங்க தெருவுல எல்லா வீட்லயும் வாங்குவாங்க. ஏன் சார், வாங்கக் கூடாதா?"

ரேஞ்சர் என் பக்கம் திரும்பினார். "மலைய நீ காவல் காக்கிற. மலை உன் வீட்டு பீரோவுல கீது."

சரோஜாவின் முகம் செத்துவிட்டது. காப்புக்காட்டுப் பொருளை வீட்டில் வைத்திருந்தால் வழக்கு. அதுவும் கார்டு வீட்டில். எனக்கு வேலை போகலாம், அவளுக்குக் கேஸ் வரலாம். குஞ்சம் நூல் சுற்றிய விரலோடு அப்படியே நின்றாள்.

கலைச்செல்விதான் அவளை உட்காரவைத்தாள். "அக்கா, பயப்படாதீங்க. அந்த ஆளு வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வருவாரு? வந்துட்டு எங்க போவாரு?"

"காலையில வருவாரு. எங்க வீட்டு வாசல்லதான் முதல்ல நிப்பாரு. இவரு வண்டியப் பார்த்துட்டு, 'இன்னாம்மா, சாருக்கு லீவா'ன்னு கேட்பாரு. நானும் ஆமான்னுவேன். வித்துட்டு மொபெட்ட எடுத்துகினு கிளம்பிடுவாரு."

என் வண்டி வாசலில் நின்றால் மேல் பீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். அந்தத் தகவலை வாரா வாரம் என் வீட்டு வாசலிலிருந்தே கொடுத்துக்கொண்டிருந்தோம். அதற்கு விலையாகக் கிழங்கும் வாங்கிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வியாழக்கிழமைக்குத் திட்டம் போட்டது கலைச்செல்வி. அவளும் வாட்சர்களும் யானை முதுகுக்குப் பின்னால் காத்திருப்பார்கள்.

"நான்?" என்றேன்.

"நீங்க வீட்லயே இருங்க சார். வண்டி வாசல்ல நிக்கணும்."

என் பீட்டில், என் பாறைக்கு அருகில், என் கொடியைத் திருடுகிறவனைப் பிடிக்கப் போகிறார்கள். நான் வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து வண்டிக்குக் காவல் இருக்க வேண்டும். உட்கார்ந்தேன். நன்னாரிக்காரர் வந்தார், சிரித்தார், "லீவா சார்?" என்றார். "ஆமாங்க" என்றேன். என் முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் நான் செய்த கஷ்டமான டியூட்டி அதுதான்.

மத்தியானம் போன் வந்தது. கடப்பாரையும் சாக்குமாகப் பிடித்துவிட்டார்கள். கைப்பற்றியதற்கு மகஜர் எழுதி, கேஸ் போட்டாயிற்று. ரேஞ்சர் சரோஜாவைக் கடுமையாக எச்சரித்துவிட்டு, துண்டுகளைக் கைப்பற்றி, அந்த ஆளைக் காட்டிக்கொடுத்த சாட்சியாக அவள் பெயரைச் சேர்த்துக்கொண்டார். மறுநாள் பேப்பரில் மறுபடியும் படம். பெண் வனக்காப்பாளர் மடக்கிப் பிடித்தார் என்று. சரோஜா அதைக் கத்தரித்து அதே பீரோ கதவில் ஒட்டினாள். காலையில் சட்டை எடுக்கப் போனால் கலைச்செல்வி முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

6. தழைத்தது

ஒருவனைப் பிடித்ததால் மட்டும் கொடி தப்பவில்லை. வாங்குகிறவர்கள் இருந்தால் இன்னொருவன் வருவான். ஞாயிற்றுக்கிழமைகளில் கலைச்செல்வி எங்கள் தெருவுக்கு வந்து வீடு வீடாகப் பேசினாள். நாற்றைக் காட்டினாள், தோண்டிய குழியின் படத்தைப் போனில் காட்டினாள். பட்டுக்கு வசம்பு வைத்தால் போதும் என்று சொன்னாள். கேட்டார்கள். நான் பிறந்த தெரு அது. "இத்தனை நாளா நீ ஏண்டா சொல்லல?" என்று சித்தி கேட்டாள். மலையில் செய்வதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், தெருவில் அல்ல.

அந்த மழைக்காலத்தில் யானை முதுகுக்குக் கீழே, நான் உட்கார்ந்த குழியின் ஓரத்தில், ஒரு விரல் உயரத்துக்குச் சிவந்த தளிர் கிளம்பியது. பாறைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு துண்டு வேரை அவர்களால் பிடுங்க முடியவில்லை போலிருக்கிறது. முதலில் பார்த்தவன் நான். சுற்றிலும் சூரை முள்ளை வெட்டிப் போட்டு மறைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இலை நாலு விட்ட பிறகுதான் கலைச்செல்வியிடம் சொன்னேன். "பார்த்தேன் சார். முள்ளு போட்டிருந்தது. உங்க கொடிதானேன்னு நான் கிட்ட போகல" என்றாள்.

போன வருஷம் நான் ஒரு படி உயர்ந்து வனவராக ரிட்டயர் ஆனேன். இப்போது அந்தப் பொறுப்பில் அவள் இருக்கிறாள். புதிதாக வருகிற கார்டுகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பொறாமைப்படாதே என்று சொல்ல மாட்டேன். பொறாமை இல்லாதவன் காவலுக்கு லாயக்கில்லை. கொடி மேல் பொறாமைப்படு, எவன் கை படுகிறது என்று கண்கொத்திப் பாம்பாக நில். கூட வேலை செய்கிறவர்கள் மேல் பட்டால் மூக்கு கெட்டுவிடும். உன் சட்டை வாசனையே உனக்குத் தெரியாது.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்றால், போன மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கலைச்செல்வி போன் செய்தாள்.

"சார், உங்க கொடி காய்ச்சிருக்கு. அந்தத் தழைச்ச கொடிதான். மொத காய்."

"பை கட்டிட்டியா?"

"இல்லீங்க சார். நீங்க வந்து கட்டுவீங்கன்னு விட்டிருக்கேன். காத்து ஜாஸ்தியா கீது, ஜல்தி வாங்க."

சரோஜா வாயல் துணியில் பை தைத்துக் கொடுத்தாள். வண்டியை எடுத்தேன். மூட்டு வலியோடு யானை முதுகு வரை ஏறினேன். இரண்டு கொம்பும் பழுப்பேறி நின்றன. பையை மாட்டி, அறுந்த இழையை எங்கள் வீட்டில் எப்படி முடிவார்களோ அப்படி முடிந்தேன். எந்தக் காற்றுக்கும் அவிழாது. கலைச்செல்வி எட்ட நின்று போனில் படம் எடுத்தாள். இந்த முறை என் படம் என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். காய் தெரிந்தது, பை தெரிந்தது, முடிச்சு தெரிந்தது. நான் மணிக்கட்டு வரைக்கும் தெரிந்தேன். சரோஜா போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"கலை எடுத்த படம் இன்னா அழகா கீது பாருங்க" என்றாள்.